இனாமாகக் கேளுங்கள், பேரம் பேசாதீர்கள்

மாணவச் செல்வங்களே, சொந்தபந்தங்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படிக்கவும்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் துணிப்பொம்மைக் குழு செய்த பொம்மைகளின் படங்களை இங்கே போட்டிருந்தேன். விருப்பக்குறி போட்டவர்கள் இருநூறு பேருக்கு மேல். மிக்க மகிழ்ச்சி. விலை என்ன என்று கேட்டவர்கள் நாற்பது பேர் இருக்கும். ஒரு அடி உயரப் பொம்மை 450 ரூபாய் என்று பதில் போட்டேன். அதற்கப்புறம் வந்ததெல்லாம் வேறு மாதிரி. "ஏனுங் டீச்சர், துணிப் பொம்மைக்கா 450?" "எனக்குன்னா எவ்வளவு டீச்சர்?" "200-ன்னு போட்டுக் குடுத்தா அஞ்சா எடுத்துக்கறேன் சித்தி." "வேஸ்ட் துணியில செய்யறதுதானே?" இன்னும் ஒருவர், என்னிடம் நான்காம் வகுப்பில் வாய்ப்பாடு ஒழுங்காகச் சொன்னவர், "பொழுதுபோக்குக்குச் செய்யறதுக்கு இவ்வளவு வெச்சா யாரு வாங்குவாங்க?" என்று கேட்டிருக்கிறார்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டெழுத விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில். யார் பெயரையும் எழுத மாட்டேன். வகுப்பிலும் பெயர் சொல்லித் திட்டுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. யாரைப் பார்த்துச் சொல்கிறேன் என்பது அவரவர்க்குத் தெரிந்துவிடும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். எங்கள் பொம்மையை இனாமாகக் கேளுங்கள். தகுந்த இடமாக இருந்தால் சந்தோஷமாகக் கொடுப்போம். விலைக்குக் கேட்டால் சொன்ன விலையைக் கொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் "கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்க" என்று ஒரு விலை இருக்கிறதே, அந்த விலை எங்களிடம் இல்லை. இனிமேலும் இருக்காது.

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் குழுவைப் பற்றி நான்கு வரி. கொரோனா முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சுவிட்ட சமயத்தில் ஐந்து பேராக ஆரம்பித்தோம். இப்போது பதினான்கு பேர். சின்னவருக்கு 26 வயது, பெரியவருக்கு 74. சனிக்கிழமை மதியம் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை ஒருவர் வீட்டு ஆசாரத்தில் பாய் விரித்து உட்காருவோம். இரண்டு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, பழைய பிஸ்கட் டப்பாக்களில் நூல், நடுவில் ஒரு பெரிய போசியில் கடலை. தலைவர், செயலாளர், பொருளாளர் யாரும் கிடையாது. கணக்கு நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. கணக்கு வாத்தியார் வேலை என்னை விடவில்லை. குழந்தை விளையாடும் பொம்மை, கொலுவுக்குப் பாட்டி தாத்தா ஜோடி, வகுப்பறைக்குக் கைப்பொம்மை, இவைதான் நாங்கள் செய்வது. 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு எடுக்கிற டீச்சர்கள் கைப்பொம்மை கேட்டு வருகிறார்கள். நாங்கள் பயிற்சிப் பள்ளியில் கற்பித்தல் துணைக்கருவி என்று அட்டையிலும் துணியிலும் ராத்திரி முழுக்கச் செய்து மதிப்பெண் வாங்கியது நினைவுக்கு வருகிறது.

சரி, இப்போது அந்த "வேஸ்ட் துணி" விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பக்கம் துணிக்குப் பஞ்சமில்லை என்பது உண்மைதான். ஈரோடும் திருப்பூரும் பக்கத்தில் இருக்கும்போது, கட்டிங் வேஸ்ட்டை யார் வேண்டுமானாலும் கிலோக் கணக்கில் வாங்கலாம். ஆனால் பனியன் துணியை வைத்துப் பொம்மை உடம்பு தைத்துப் பாருங்கள். பஞ்சு அடைக்க அடைக்க அது இழுத்துக்கொண்டு போகும். ஒரு கால் ஒரு அடி, இன்னொரு கால் ஒன்றேகால் அடி. உடம்புக்கு இழுபடாத துணி வேண்டும். அதனால் மாநிறத்தில் பாப்ளின் புதிதாக வாங்குகிறோம். வெள்ளைத் துணியை டீத்தண்ணீரில் முக்கி நிறமேற்றலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். இரண்டு துவைப்பில் பொம்மைக்குச் சோகை பிடித்த மாதிரி ஆகிவிடும். வேஸ்ட் துணி பாவாடைக்கும் சட்டைக்கும் மட்டும்தான். (இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாநிறத்திலும் கறுப்பிலும் செய்து வைத்தால், "வெள்ளையா ஒண்ணு இருக்குதுங்களா?" என்று கேட்கிறவர்கள் இன்னும் குறையவில்லை. கேட்கிறவரின் கையைப் பார்த்தால் எங்கள் பொம்மையின் நிறம்தான்!)

வெட்டும்போது துணியின் நூலோட்டம் பார்க்க வேண்டும். குறுக்கே வெட்டினால் முகம் அகன்று பூசணிக்காய் ஆகிவிடும். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, திருப்புவதற்கு இரண்டு விரல் இடைவெளி விட்டுத் தைக்க வேண்டும். வளைவு வருகிற இடமெல்லாம் கத்தரி முனையால் சின்னச் சின்னதாக வெட்டிவிட வேண்டும். அந்த வெட்டு தையலுக்கு ஒரு நூல் கிட்டே போனால் பஞ்சு அடைக்கும்போது பிரிந்துவிடும். தள்ளி நின்றால் கழுத்தில் சுருக்கம் விழும். அப்புறம் திருப்புவது. மணிக்கட்டைத் திருப்புகிற வேலை இருக்கிறதே, அதற்குப் பொறுமை போதாமல் முதல் நாளே எழுந்து போனவர்கள் உண்டு. பஞ்சை ஒரு கைப்பிடி எடுத்துத் திணிக்க முடியாது. கிள்ளிக் கிள்ளி, கால் நுனியிலிருந்து ஆரம்பித்து, பென்சிலின் பின்பக்கத்தால் தள்ளித் தள்ளி அடைக்க வேண்டும். கழுத்தில் இறுக்கமாக அடைக்காவிட்டால் ஒரே மாதத்தில் தலை தொங்கிவிடும். கடையில் வாங்கிய மலிவுத் துணிப்பொம்மைகள் எல்லாம் தோளில் தலை சாய்த்துத் தூங்குவது இதனால்தான்.

முகம் தனி வேலை. கண்ணை ஒரு தையல் மேலே போட்டால் பொம்மை முறைக்கும், உள்ளே தள்ளிப் போட்டால் பயந்த மாதிரி இருக்கும். குழந்தை முகம் வேண்டுமென்றால் கண் தலையின் பாதிக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். மூக்கு இருக்கவே கூடாது என்று ஒருவர், ஒரு புள்ளியாவது வேண்டும் என்று ஒருவர், இந்தச் சண்டை எங்கள் குழுவில் மூன்று வருடமாக நடக்கிறது. முடிக்கு உல்லன் நூலை வகிடு எடுத்து, ஒவ்வொரு கொத்தாகத் தலையோடு தைக்க வேண்டும். பசை போட்டு ஒட்டினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். குழந்தை இழுத்தால் பத்து நொடியில் வந்தும்விடும்.

இதெல்லாம் சேர்த்து ஒரு பொம்மைக்கு ஏழு மணி நேரம். கை பழகியவருக்கு ஏழு. புதியவருக்குப் பத்து.

பொருள் செலவை நோட்டிலிருந்து எழுதுகிறேன். பஞ்சு 45 ரூபாய், பாப்ளின் 25, முடிக்கான நூல் 20, எம்பிராய்டரி நூல், எலாஸ்டிக், நாடா எல்லாம் சேர்த்து 20. ஆக 110. மெஷின் ஓடுகிற கரண்டும், போய் வருகிற பஸ் செலவும் இதில் இல்லை. 450-இல் 110 போனால் மீதி 340. அந்த 340 ஏழு மணி நேர உழைப்புக்கு.

இந்த 340 எங்கிருந்து வந்தது? 2025-26-க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். நாங்கள் உட்கார்ந்து பேசி, அதற்குக் கீழே போகக்கூடாது என்று முடிவு செய்து, சில்லறைக்காக நான்கு ரூபாய் ஏற்றினோம். அவ்வளவுதான். 450 என்பது எங்கள் ஆசைக்கு வைத்த விலை கிடையாது. ஊசி பிடிக்கத் தெரிந்த ஒரு பெண்ணின் ஒரு நாளுக்கு, வாய்க்கால் வெட்டுகிற ஒரு நாளின் கூலியைத்தான் கேட்கிறோம். வாய்க்கால் வெட்டுவது லேசான வேலை என்று நான் சொல்லவில்லை. அதற்கும் கீழே எங்களை இறக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

"200-ன்னு போடுங்க" என்று கேட்டவரே, 200-இல் 110 போனால் எவ்வளவு? ஏழால் வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு 13 ரூபாய் கூட முழுதாக வராது. உங்கள் வீட்டுப் பாப்பா சாப்பிடுகிற குச்சி ஐஸ் அதைவிட விலை அதிகம்.

போன வருடம் கோயம்புத்தூரில் ஒரு கைவினைப் பொருள் கடையிலிருந்து எங்களைத் தேடி வந்தார்கள். கடை பெயர் வேண்டாம். மாதம் அறுபது பொம்மை எடுத்துக்கொள்கிறோம், பொம்மைக்கு 150 தருகிறோம், பொருள் உங்களுடையது என்றார்கள். அதாவது ஏழு மணி நேரத்துக்கு 40 ரூபாய். அவர்கள் அதை 899 ரூபாய்க்கு விற்பதாக இருந்தது. கிராமத்துப் பெண்களின் முன்னேற்றத்துக்காக என்று அழகான அட்டை ஒன்றும் அச்சடித்துக் கொண்டு வந்திருந்தார்கள், கயிறு போட்டுப் பொம்மையின் கையில் கட்டித் தொங்கவிடுவதற்கு.

கடைக்காரருக்கு லாபம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வாடகை இருக்கிறது, ஆள் சம்பளம் இருக்கிறது, விற்காமல் தங்குகிற சரக்கு இருக்கிறது. வாங்கிய விலைக்கு இரண்டு மடங்கு வைத்தாலும் எனக்குக் கோபம் வராது. எனக்குக் கோபம் வந்தது வேறு ஒரு வார்த்தைக்கு. "நீங்க எல்லாம் வீட்ல சும்மா இருக்கற நேரத்துல செய்யறதுதானேங்க மேடம், அதுக்கு இது நல்ல வருமானம்தானே?" என்றார் அந்தத் தம்பி. மரியாதையாகத்தான் சொன்னார். மனதில் கெட்ட எண்ணம் இருந்ததாகவும் தெரியவில்லை. அதுதான் சங்கடம். கெட்டவன் சொன்னால் திட்டிவிட்டுப் போகலாம். நல்ல பிள்ளைகள் எல்லாம் இதையே சொல்கிறீர்கள்.

வீட்டில் சும்மா இருக்கிற நேரம் என்பது எது? காலை ஐந்து மணிக்கு எழுந்து, வாசல் தெளித்து, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, துணி துவைத்து, இதற்கெல்லாம் நடுவில் பிடுங்கி எடுக்கிற நேரம் அது. இந்த மாநிலத்தில் 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது அதற்கு மகளிர் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தார்கள். உதவித் தொகை என்று வைக்கவில்லை. வீட்டு வேலையும் வேலைதான் என்பதற்காகத்தான் அந்தப் பெயர். அரசியல் பேச வரவில்லை. எந்தக் கட்சி என்று என்னிடம் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிட்ட ஒரு விஷயம் நம் வீட்டு ஆசாரத்துக்கு இன்னும் வந்து சேரவில்லையே என்பதுதான் என் கேள்வி.

அடுத்தது "பொழுதுபோக்கு". இந்த வார்த்தையை நான் விடுவதாக இல்லை.

ஆமாம், எங்களுக்குப் பொம்மை செய்யப் பிடிக்கும். பிடித்துத்தான் செய்கிறோம். அதனால் விலை குறைய வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? கல்யாண மண்டபத்தில் சமைக்கிற மாஸ்டருக்குச் சமையல் என்றால் உயிர். "உங்களுக்குப் பிடிச்ச வேலைதானே, பாதிப் பணம் போதுமே" என்று சொல்லிப் பாருங்கள், கரண்டியோடு வருவார். தவில்காரர் கண்ணை மூடி ரசித்து வாசிக்கிறார் என்பதற்காகச் சம்பளத்தைக் குறைத்தவர் யாராவது உண்டா? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தினேன். எனக்கு அதைவிடப் பிடித்த வேலை இல்லை என்பது உங்களுக்கே தெரியும். கோடை விடுமுறையில் பள்ளிக்கூடம் திறக்கிற நாளை எண்ணிக்கொண்டிருந்த ஒரே டீச்சர் நான்தான் என்று கேலி செய்வீர்கள். அதற்காகக் கருவூலத்தில் என் சம்பளத்தைப் பாதியாக வெட்டினார்களா? இல்லையே. பெண்கள் வீட்டில் உட்கார்ந்து கையால் செய்கிற வேலை என்றால் மட்டும் சந்தோஷத்தையே கூலியில் கழித்துக்கொள்கிறீர்கள்.

இங்கே எங்கள் குழுவுக்குள் நடந்த சண்டையையும் சொல்லிவிடுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை. எங்களில் நான்கு பேருக்கு ஓய்வூதியமோ, கணவரின் ஓய்வூதியமோ வருகிறது. எனக்கும்தான். "எனக்குப் பணம் தேவையில்லைங்க, சும்மா உக்காந்திருக்கறதுக்கு 150-க்கே குடுத்தர்றேன், வாங்கறவங்க சந்தோஷப்படட்டும்" என்றார் எங்களில் ஒரு அக்கா. ரொம்ப நல்ல மனசு. இரண்டு பேர் அவர் பக்கம். நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. மூன்று சனிக்கிழமை பேச்சுவார்த்தை இல்லாமல் தைத்தோம். கடலை கூட யாரும் எடுக்கவில்லை.

ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? பதினான்கு பேரில் ஆறு பேர் இந்தப் பணத்தை நம்பி இருக்கிறார்கள். வசதி உள்ள நாங்கள் 150-க்குக் கொடுத்தால், அவர்கள் 450-க்கு யாரிடம் விற்பார்கள்? "அந்த டீச்சர் 150-க்குத் தர்றாங்களே, நீ என்ன?" என்றுதானே கேட்பீர்கள்? என் ஓய்வூதியத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு நான் காட்டுகிற தாராளம், பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருக்கிறவரின் சோற்றில் கை வைக்கிறது. பணம் தேவையில்லாதவர் விலையைக் குறைப்பது தானம் ஆகாது. தேவையில்லை என்றால் முழு விலைக்கு விற்றுவிட்டு அந்தப் பணத்தை யாருக்காவது கொடுக்கட்டும். இல்லை, பொம்மையையே கொடுக்கட்டும். கடைசியில் அப்படித்தான் முடிவானது. அந்த அக்கா இப்போது தன் பொம்மைகள் எல்லாவற்றையும் இனாமாகவே கொடுக்கிறார். என்னோடு பேசுகிறார். மூக்கு விஷயத்தில் மட்டும் இன்னும் சண்டை போடுகிறார்.

அந்த ஆறு பேரைப் பற்றி எழுதுங்கள், படித்தால் ஜனங்கள் வாங்குவார்கள் என்று ஒரு மாணவி யோசனை சொன்னாள். எழுத மாட்டேன். அவர்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "எங்க கஷ்டத்தைப் பார்த்து வாங்க வேண்டாம் டீச்சர், பொம்மையப் பார்த்து வாங்கட்டும்" என்றார் ஒருவர். தையல் நேராக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கோணலாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். அந்த உரிமை 450 கொடுத்தவருக்கு உண்டு. இரக்கப்பட்டு வாங்கினால் அந்த உரிமையும் போய்விடும், செய்கிறவருக்குத் திருத்திக்கொள்ளும் வழியும் போய்விடும்.

இனாம் என்றேனே, அதைப் பற்றி. பொம்மையை விற்கவே கூடாது, கொடுக்கத்தான் வேண்டும் என்று வைத்துக்கொண்டு சிறப்பாக நடந்த காரியம் நம் தமிழ்க் கரையிலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லில் உள்ள உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனத்தில், உமா பிரஜாபதி என்பவரின் முயற்சியில், சுற்றுவட்ட மீனவக் கிராமத்துப் பெண்களுக்குக் கையில் ஒரு வேலை வேண்டும் என்று மிச்சத் துணியில் கட்டைவிரல் அளவுக்குப் பொம்மை செய்யப் பழக்கினார்கள். சுனாமிகா என்று பெயர். லட்சக்கணக்கில் செய்தார்கள். உலகம் முழுக்கப் போனது. ஒன்றுக்குக் கூட விலை கிடையாது. வாங்கிக்கொள்கிறவர் மனமிருந்தால் நன்கொடை கொடுக்கலாம். கடலைப் பார்க்கவே பயந்து உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அது வேலையாகவும் வருமானமாகவும் இருந்தது.

இதைச் சொன்னால், "பாத்தீங்களா, அவங்க சும்மாதானே குடுத்தாங்க?" என்று கேட்பீர்கள். நன்றாகக் கவனியுங்கள். அங்கே பொம்மைக்குத்தான் விலை இல்லை. செய்த பெண்ணின் கைக்கு மதிப்பு இருந்தது. நீங்கள் கேட்கிற 200 ரூபாயில் பொம்மைக்கு விலை இருக்கிறது, கைக்கு மதிப்பு இல்லை. தலைகீழ்.

எங்கள் குழுவிலும் இனாம் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆளுக்கு ஒரு பொம்மை, பொருள் செலவு குழுப் பணத்தில். அங்கன்வாடிகளுக்குக் கைப்பொம்மை கொடுத்திருக்கிறோம். பேசத் தயங்குகிற ஒரு குழந்தை பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டதும், பொம்மையின் குரலில் பேசுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். "உன் பேர் என்ன?" என்றால் தலை குனிகிற பிள்ளை, "உன் யானைக்குப் பேர் என்ன?" என்றால் ஊர்க் கதை முழுக்கச் சொல்லும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கோ, அங்கன்வாடிக்கோ, ஆஸ்பத்திரியில் நாள்பட்டுக் கிடக்கிற குழந்தைக்கோ வேண்டுமா? கேளுங்கள். பத்துப் பைசா வேண்டாம். கார் வைத்திருக்கிற வீட்டுக் கொலுவுக்கு என்றால் 450.

"கடையில 250-க்கு இவ்வளவு பெரிய கரடி வருது டீச்சர்." வரட்டும். மெஷின் அடைக்கிற கரடியோடு எங்களுக்கு எந்தப் போட்டியும் இல்லை. சட்டமே அதையும் இதையும் வேறாகத்தான் பார்க்கிறது. 2021 ஜனவரி 1 முதல் விற்கிற பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று மத்திய அரசு கொண்டு வந்தது. கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கிற பொம்மைக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. விற்கிறவர்கள் ஆறு பேரும் அந்தக் கைவினைஞர் அடையாள அட்டை எடுத்துவிட்டார்கள். வீட்டில் பொம்மை செய்து விற்கிற மாணவிகள் இருந்தால் நீங்களும் எடுத்துவிடுங்கள், விண்ணப்பத்தில் சந்தேகம் என்றால் என்னைக் கேளுங்கள். விலக்கு இருக்கிறது என்பதற்காக நாங்கள் அலட்சியமாக இருப்பதில்லை. மூன்று வயதுக்குள் உள்ள குழந்தையின் பொம்மைக்குப் பட்டனோ மணியோ கண்ணாக வைப்பதில்லை, நூலால்தான். பிடுங்கி வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். முடியை நானே பிடித்து இழுத்துப் பார்த்த பிறகுதான் பொம்மை வெளியே போகும். என் கைக்குத் தப்பித்த முடி எந்தக் குழந்தை கைக்கும் வராது.

"பேப்பர் கட்டிங் மட்டும் அனுப்புங்க, நாங்களே செஞ்சுக்கறோம்" என்று மூன்று பேர். தாராளமாகச் செய்யுங்கள். சனிக்கிழமை வாருங்கள், காசு வாங்காமல் சொல்லிக்கொடுப்போம். உங்கள் குழந்தைக்கு நீங்களே செய்வதைவிட நல்லது வேறில்லை. ஜெர்மனியில் கேத்தே குருஸே என்ற அம்மா 1905-இல் தன் மகளுக்காகத்தான் துணிப்பொம்மை செய்ய ஆரம்பித்தார். 1910-இல் பெர்லின் கடை ஒன்றின் கண்காட்சியில் வைத்தார். அதிலிருந்து ஆர்டர் குவிந்தது. அப்புறம் ஒரு பெரிய பொம்மைத் தொழிற்சாலை அதே மாதிரி செய்து விற்றபோது, வழக்குப் போட்டு 1925-இல் ஜெயித்தார். பார்த்துக் கற்றுக்கொள்வது ஒன்று, பார்த்துச் செய்து கடை போடுவது இன்னொன்று. சின்ன வகுப்பிலேயே இதற்கு வேறு பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், பரீட்சை அறையில்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "டாலர்ல பாத்தா அஞ்சாறு டாலர்தான் டீச்சர், 2000 போட்டு விடறேன், மிச்சத்த வெச்சுக்கங்க" என்று அன்பாகக் கேட்கிறீர்கள். வேண்டாம் கண்ணு. 450 போதும். மிச்சம் கொடுத்துப் பழக்கினால் அடுத்த முறை மிச்சம் வராதபோது செய்கிறவர் முகம் வாடும். நான்கு பொம்மை வேண்டுமென்றால் 1800 அனுப்பு, நான்கு பொம்மை வரும்.

இனி நடைமுறை. நவராத்திரிக்கு வேண்டியவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். பதினான்கு பேரில் விற்பனைக்குத் தைப்பவர்கள் ஆறு பேர்தான். அவசரப்பட்டால் முகம் கோணும், அதனால் முப்பது பொம்மைக்கு மேல் ஏற்க மாட்டோம். கொரியர் செலவு தனி. ஜோடிப் பொம்மை 900. ஜோடி என்பதால் 800 ஆகாது. இரண்டு பொம்மைக்கும் பதினான்கு மணி நேரம்தான். பேரம் பேசியே ஆக வேண்டும் என்று கை அரிப்பவர்கள் தைப்பவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டாம், என்னைக் கூப்பிடுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் சும்மாதான் இருப்பேன்.

பழைய துணி மூட்டை அனுப்புகிற சொந்தங்களுக்கு நன்றி. ஆனால் துவைத்து அனுப்புங்கள். பட்டன், ஜிப்பைப் பிடுங்க வேண்டாம், எங்களுக்கு வேலைக்கு ஆகும். போன மூட்டையில் அடியில் நான்கு கரித்துணி இருந்தது. கரித்துணியில் பாவாடை தைக்க முடியாது.